வாயால் சாப்பிடாத அப்பாவுக்கு எதற்குப் பல் தேய்க்க வேண்டும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. எட்டு மாதங்களுக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறியதால் மூக்கில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து வாய் வழியாக ஒரு சொட்டுகூடக் கொடுத்ததில்லை. கஞ்சி, பால், மாத்திரை எல்லாமே குழாயில்தான். அப்படியும் இரண்டு தடவை நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. வாயால் எதுவுமே கொடுக்காதபோது நுரையீரலில் என்ன போகிறது? வலது கடைவாயில் நாள் முழுக்க எச்சில் ஒழுகுகிறது. ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. எச்சிலை நிறுத்த மாத்திரை கேட்கலாமா? ஆரம்பத்தில் பல் தேய்த்துவிட்டேன், ஈறில் ரத்தம் வந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் பயந்து நிறுத்திவிட்டேன். சாப்பிடாதவருக்குப் பல் எதற்கு விளக்க வேண்டும் என்று வீட்டிலும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா நல்லெண்ணெய் ஊற்றிக் கொப்புளிக்கச் சொல்கிறார். கடைசியாக ஒன்று. அப்பா ஒரு நாளும் பல் விளக்காமல் காபி குடித்தவரில்லை, காபி இல்லாமல் இருந்தவரும் இல்லை. நாங்கள் காபி குடிக்கும்போது டம்ளரையே பார்க்கிறார். நாக்கில் ஒரு சொட்டு தடவலாமா? — திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு மகள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வாயால் எதுவும் கொடுக்கவில்லை என்கிறீர்கள். ஆனால் அப்பாவின் வாயிலிருந்து ஒன்று நாள் முழுக்க உள்ளே இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அதுதான் எச்சில். பல மாதங்களாகத் தேய்க்காத பல்லையும் துடைக்காத நாக்கையும் கழுவிக்கொண்டு அது இறங்குகிறது.

இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வேளைக்கு எத்தனை மில்லி, குழாயை எப்படிக் கழுவுவது, படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வாயை எப்படிச் சுத்தம் செய்வது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அது விழுங்குதல் சிகிச்சை செய்யும் எங்களைப் போன்றவர்களின் குறை. அந்தக் குறையை இந்தப் பதிலில் முடிந்தவரை சரிசெய்யப் பார்க்கிறேன்.

நமக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. விழித்திருக்கும்போது ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு தடவை அதை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம், தெரிவதே இல்லை. விழுங்கும் அந்த நொடியில் மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்கிறது. பக்கவாதத்தில் இந்த மூடல் தாமதமாகிறது, இல்லாவிட்டால் அரைகுறையாக நடக்கிறது. அப்போது எச்சில் வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் போகிறது. மூக்குக் குழாய் கஞ்சியைத்தான் வயிற்றில் கொண்டுபோய் விடும். எச்சிலுக்கு அது ஒன்றும் செய்யாது. வயிற்றில் இருப்பது எதுக்களித்து மேலே வரும்போதும் அதனால் தடுக்க முடியாது.

சரி, புரையேறினால் இருமல் வருமே என்று கேட்பீர்கள். நம் வீட்டில் யாருக்காவது புரையேறினால் 'யாரோ நினைக்கிறாங்க' என்று உச்சந்தலையில் தட்டுவோம். நல்ல தொண்டைக்குத்தான் அப்படி இருமல் வரும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குத் தொண்டையில் உணர்ச்சி மங்கிவிடுகிறது. எச்சில் உள்ளே போகும், ஒரு செருமல்கூட வராது. நாங்கள் இதை 'சத்தமில்லாத புரையேற்றம்' என்போம். அப்பா இருமவில்லை என்பதை வைத்து ஒன்றும் போகவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒன்று. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கத்தான் செய்கிறது. உங்களுக்கும் எனக்கும் அதனால் நிமோனியா வருவதில்லை. காரணம், போகிற எச்சில் ஓரளவு சுத்தமானது, அளவும் கம்மி, நம்மால் இருமித் தள்ள முடிகிறது, எழுந்து நடமாடுகிறோம். அப்பாவுக்கு இந்த நான்குமே சரியில்லை. இருமலையும் நடமாட்டத்தையும் நாளைக்கே திரும்பக் கொண்டுவர நம்மால் முடியாது. எச்சிலைச் சுத்தமாக்குவது நம் கையில் இருக்கிறது, இன்றைக்கே முடியும்.

இது என் நம்பிக்கை மட்டும் இல்லை. அமெரிக்காவில் சூசன் லாங்மோரும் அவர் குழுவினரும் 189 முதியவர்களை 4 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து, யாருக்கு இந்த வகை நிமோனியா வருகிறது என்று பார்த்தார்கள். 1998இல் முடிவு வெளியானது. விழுங்குவதில் சிரமம் இருப்பது ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் இருந்தால் போதாது என்று தெரிந்தது. சாப்பிட இன்னொருவர் ஊட்ட வேண்டிய நிலை, பல் தேய்க்க இன்னொருவர் வேண்டிய நிலை, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை, குழாய் உணவு, நிறைய மாத்திரைகள் என்று அந்தப் பட்டியல் போகிறது. உங்கள் அப்பாவை நேரில் பார்த்து எழுதியது போல இருக்கிறது, இல்லையா?

அப்புறம் ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பவர்களே பல் தேய்த்துவிட்டார்கள், வாரம் ஒரு தடவை பல் மருத்துவரோ பல் சுகாதாரப் பணியாளரோ பார்த்தார்கள். மீதிப் பேர் வழக்கம்போல இருந்தார்கள். இரண்டு வருடத்தில் வழக்கம்போல இருந்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. பல் தேய்த்துவிட்டவர்களில் 11 சதவீதம். யோனேயாமா குழுவினர் 2002இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் செய்ததில் முக்கியமானது பிரஷ் பிடித்துத் தேய்த்ததுதான்.

'சாப்பிடாதவருக்குப் பல் எதற்கு விளக்க வேண்டும்' என்று வீட்டில் சொல்வது, கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மை நேர் எதிர். நாம் சோற்றை மெல்லும்போது நாக்கும் கன்னமும் உதடும் வேலை செய்து பல்லைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. மெல்லும்போதுதான் எச்சில் பீறிட்டு வந்து வாயை அலசுகிறது. அந்த எச்சிலில் கிருமியைக் கட்டுப்படுத்தும் பொருட்களும் இருக்கின்றன. மெல்லுவதே நின்றுபோனால் இந்த அலசல் நின்றுவிடும். குழாயில் சாப்பிடுகிறவர்களின் பல்லில்தான் காரை சீக்கிரம் படிகிறது. நுரையீரலைத் தாக்கும் முரட்டுக் கிருமிகள் வாயிலேயே குடியேறுவதும் அவர்களிடம்தான் அதிகம். ஆறு மாதம் யாரும் புழங்காத அடுப்படி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆஸ்பத்திரியில் பக்கவாதம் வந்த ஒரு பெரியம்மாவுக்கு விழுங்கும் திறனைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன். விழுங்க முயன்று, முடியாமல், திணறினார். 'விழுங்குதல் மிகவும் பலவீனம்' என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் அந்த வார்டில் நீண்ட காலம் வேலை பார்த்த நர்ஸ் அக்கா என்னைக் கூப்பிட்டு, டார்ச் அடித்து, பெரியம்மாவின் மேலண்ணத்தைக் காட்டினார். பழுப்பு நிறத்தில், காய்ந்த கோந்துத் தகடு போல ஒன்று அண்ணம் முழுக்க ஒட்டியிருந்தது. பல நாள் சளியும் எச்சிலும் காய்ந்து இறுகியது. அதன் பின்னோரம் தொண்டைப் பக்கமாக நாராகத் தொங்கியது. அந்த வாயை வைத்துக்கொண்டு யாரால் விழுங்க முடியும்? அக்கா அதை நனைத்து நனைத்து, மூன்று வேளையாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். மூன்றாம் நாள் அதே ஒரு ஸ்பூன் தண்ணீரை அந்த அம்மா விழுங்கினார். அன்றிலிருந்து டார்ச் அடித்து வாயைப் பார்க்காமல் நான் யாருக்கும் ஒரு ஸ்பூன் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

உங்கள் அப்பாவின் அண்ணத்தையும் அப்படிப் பாருங்கள். வாயைத் திறந்துவைத்து மூச்சு விடுகிறவர்களுக்கு இது நிறைய வரும். நாக்கிலோ கன்னத்தின் உள்பக்கத்திலோ தயிர்த் திப்பி போல வெள்ளைப் படலம் இருந்து, துடைத்தால் அடியில் சிவந்து இருந்தால், அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் காட்டினால் தடவ மருந்து தருவார், போய்விடும்.

அடுத்து, ஒழுகவும் செய்கிறது, காயவும் செய்கிறது என்று குழம்பியிருக்கிறீர்கள். இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. பக்கவாதம் வந்தவர்களுக்கு எச்சில் ஒழுகுவது அதிகம் சுரப்பதால் அல்ல. விழுங்குவது குறைந்துவிட்டதால். குழாயை மூடாமல் வாளி நிரம்பி வழிவது வேறு, வாளியில் ஓட்டை இருப்பது வேறு. அப்பாவுக்கு வலது பக்க உதடு இறுக்கமாக மூடுவதில்லை, அந்தப் பக்கம் எச்சில் தேங்குவதும் அவருக்குத் தெரிவதில்லை, தலையும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். அதனால் கீழ்ப்பகுதியில் தேங்கியது கடைவாயில் வழிகிறது. மேலே, நாக்கிலும் அண்ணத்திலும், மூச்சுக்காற்று பட்டுப் பட்டு எல்லாம் காய்கிறது. ஒரே வாயில் ஒரு மூலையில் குளம், இன்னொரு மூலையில் பொட்டல்.

ஆகவே எச்சிலை நிறுத்த மாத்திரை கேட்கலாமா என்பதற்கு என் பதில்: இப்போது வேண்டாம். அப்படிப்பட்ட மருந்துகள் இருக்கின்றன, சிலருக்குத் தேவையும் படுகிறது. ஆனால் அவை எச்சிலில் உள்ள தண்ணீரைக் குறைத்து, மிச்சத்தைக் கெட்டியான கோழையாக்கிவிடும். இளகிய எச்சிலைவிட இழுபட்டு ஒட்டும் கோழையை விழுங்குவதும் இருமி எடுப்பதும் கஷ்டம். ஏற்கெனவே நாக்கு வெடித்திருப்பவருக்கு அது கேடு. இன்னும் சொன்னால், நீங்கள் எழுதி அனுப்பிய மாத்திரைப் பட்டியலில் இரண்டு மாத்திரைகள் வாயைக் காயவைக்கக்கூடியவை. ஒன்று இரவில் தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுத்திருக்கும் அமிட்ரிப்டிலின். இன்னொன்று சிறுநீர் அடிக்கடி போவதற்குக் கொடுத்திருக்கும் ஆக்ஸிபியூட்டினின். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த தடவை போகும்போது, 'வாய் காய்ந்து கிடக்கிறது, நிமோனியா இரண்டு தடவை வந்துவிட்டது, இந்த இரண்டையும் மாற்றவோ குறைக்கவோ முடியுமா' என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். அவற்றை எழுதியவர்கள் வேறு வேறு மருத்துவர்களாக இருந்தால், இரண்டு பேருக்கும் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஒழுகுவதற்கு மாத்திரை இல்லாமலும் செய்ய நிறைய இருக்கிறது. தலை வலது பக்கம் சாயாமல் ஒரு தலையணையோ சுருட்டிய துண்டோ அண்டை கொடுங்கள். பக்கத்தில் உட்காரும்போதெல்லாம், 'அப்பா, வாயை மூடி எச்சிலை முழுங்குங்க' என்று நினைவுபடுத்துங்கள். சொன்னால் விழுங்குகிறவர்கள் நிறையப் பேர், தானாகத் தோன்றாது, அவ்வளவுதான். கடைவாயைத் தேய்த்துத் துடைக்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் தோல் புண்ணாகும்.

இப்போது பல் தேய்ப்பது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தப்பாகச் செய்தால் பல்லிலிருந்து பெயர்ந்த அழுக்கையே தண்ணீரோடு நுரையீரலுக்கு அனுப்பிவைத்தது போல ஆகிவிடும்.

நேரம்: குழாயில் கஞ்சி கொடுப்பதற்கு முன்னால். வயிறு நிறைந்திருக்கும்போது பிரஷை உள்ளே விட்டால் குமட்டி வாந்தி வரலாம், அது இன்னொரு ஆபத்து. காலையில் ஒரு தடவை, இரவு படுக்குமுன் ஒரு தடவை கட்டாயம். முடிந்தால் மதியமும்.

அப்பாவை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தலையை அண்ணாந்து வைக்கவே கூடாது. உட்கார முடியாத நாளில் இடது பக்கமாக, அதாவது நல்ல பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, முகத்தைக் கீழ்நோக்கித் திருப்பி, கன்னத்துக்கு அடியில் துண்டு போடுங்கள். தண்ணீர் தானாக வெளியே வழிந்துவிடும். செயலிழந்த பக்கம் கீழே இருந்தால் அங்கே தேங்கிக்கொள்ளும், அவருக்குத் தெரியாது. முதல் ஒரு வாரம் இன்னொருவர் கூட இருந்து போனில் டார்ச் பிடிக்கட்டும்.

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் உதட்டை நனையுங்கள். காய்ந்த உதட்டைத் திறக்கச் சொன்னால் வெடித்து வலிக்கும், அடுத்த தடவை வாயையே திறக்க மாட்டார். பிறகு ஈரமான காஸ் துணியால் நாக்கையும் அண்ணத்தையும் ஒற்றி நனைத்துவிட்டு ஐந்து பத்து நிமிஷம் விடுங்கள். காய்ந்த தகடு இருந்தால் ஊறி இளகட்டும். வறண்டதை அப்படியே உரித்தால் அடியில் தோல் பிய்ந்து ரத்தம் வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்றும் இல்லை.

பிரஷ், குழந்தைகளுக்கு விற்கிறார்களே, சின்னத் தலை, மெத்தென்ற நாருள்ளது, அதுதான் சரி. தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிடுங்கள். சொட்டக் கூடாது. பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். நிறைய வைத்தால் நுரைக்கும், அந்த நுரையைத் துப்ப அவரால் முடியாது. நுரையே இல்லாமல் வெறும் ஈரப் பிரஷால் தேய்த்தாலும் பலன் உண்டு, அழுக்கை எடுப்பது நாரின் உரசல்தான். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷைச் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக. நான்கைந்து பல் தேய்த்ததும் பிரஷை வெளியே எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, மறுபடி. வலது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை மறக்காதீர்கள். சேருவதெல்லாம் அங்கேதான் சேரும்.

கடைசியாக நாக்கு. நம்மிடம் இருக்கும் இரும்பு நாக்கு வழிப்பான் வேண்டாம், இந்த நாக்கு தாங்காது. அதே பிரஷால், பின்னாலிருந்து முன்னால் மட்டும், மெதுவாக. ரொம்பப் பின்னால் போனால் குமட்டும். பிறகு சுத்தமான ஈர காஸ் துணியைச் சுற்றி, உள்ளே இருப்பதையெல்லாம் பின்னாலிருந்து முன்னால் துடைத்து வெளியே கொண்டுவாருங்கள். நீங்கள் கொப்புளிக்கவைப்பதற்குப் பதில் இது. பற்களுக்கு நடுவில் விரலை விடாதீர்கள். அவர் வேண்டுமென்று கடிக்க மாட்டார், பக்கவாதத்தில் தாடை தானாக இறுகும். வீட்டில் எச்சிலையும் சளியையும் உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் மெஷின் இருந்தால் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும். மருந்துக்கடையில் வாய் வறட்சிக்கான ஜெல் கிடைக்கும். அதை மெல்லிசாக நாக்கிலும் அண்ணத்திலும் தடவி முடித்துவிடுங்கள். நடுவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, பிழிந்த ஈரத் துணியால் வாயை நனைத்துவிடுவது போதும்.

ரத்தம் வருவதைப் பற்றி. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர் என்பதால் பயந்தது இயல்பு. ஆனால் ரத்தம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பிரஷ் இல்லை, வீங்கிய ஈறு. அழுக்கு சேரச் சேர ஈறு வீங்கும், தொட்டாலே கசியும், கசிகிறதே என்று நிறுத்தினால் இன்னும் வீங்கும். மெதுவாகத் தொடர்ந்து தேய்த்தால் வழக்கமாக ஓரிரு வாரத்தில் கசிவு குறைந்துவிடும். ஈரத் துணியால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தும் நிற்காமல் வந்தாலோ, தொடாமலே வந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆடும் பல் இருந்தால் அதை விட்டுவைக்கக் கூடாது, பல் மருத்துவர் பார்த்தாக வேண்டும். கழன்று உள்ளே போய்விடும். கழற்றி மாட்டும் பல் செட் வைத்திருந்தால், இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டுவையுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் உங்கள் அப்பாவுக்கு நல்லெண்ணெய்க் கொப்புளிப்பு கூடவே கூடாது. எண்ணெய் தொண்டையை உறுத்தாது, அதனால் இருமலைத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் போய்விடும். அங்கே போன எண்ணெயை உடம்பால் லேசில் வெளியேற்ற முடியாது. அதனாலேயே வரும் ஒருவகை நிமோனியா இருக்கிறது. பல்பொடியும் வேண்டாம், தூள் மூச்சோடு போகும். நாக்கில் தேன் தடவுவது, எலுமிச்சை கலந்த கிளிசரின் தடவுவது இரண்டையும் தவிருங்கள். தேன் சொத்தைக்குத் தீனி. கிளிசரின் முதலில் ஈரமாகத் தெரிந்தாலும் பிறகு இன்னும் காயவைக்கும். கிருமி நாசினி மவுத்வாஷை மருத்துவர் எழுதிக்கொடுத்தால் துணியில் நனைத்துப் பிழிந்து தடவலாம். ஆனால் அது பிரஷுக்கு மாற்று இல்லை. படிந்த அழுக்கு உரசினால்தான் போகும்.

இப்போது காபி. உங்கள் கடிதத்தில் இந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இன்றைக்கே தடவாதீர்கள். ஆனால் 'இனி ஒருபோதும் கிடையாது' என்றும் யாரும் சொல்ல வேண்டாம். அப்பாவுக்கு விழுங்கும் சோதனை கடைசியாக எப்போது நடந்தது? எட்டு மாதத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்றால், அதை வைத்து இன்றைய தொண்டையை எடைபோட முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் பலருக்கு விழுங்குதல் நன்றாகவே திரும்பும். குழாய் இருப்பதால் யாரும் திரும்பப் பரிசோதிக்காமலே விட்டுவிடுவதை நான் நிறையப் பார்க்கிறேன். பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு, விழுங்கும்போது தொண்டையில் என்ன நடக்கிறது என்று நேராகப் பார்க்கலாம். எச்சில் எங்கே தேங்குகிறது என்பதும் அதிலேயே தெரியும்.

போவதற்கு முன்னால் இரண்டு வாரமாவது வாயைச் சுத்தமாக வைத்திருங்கள். காய்ந்த வாயோடு போனால் அவரால் முடிந்ததைக்கூட அன்றைக்குச் செய்ய முடியாது. சிகிச்சையாளர் சரி என்றால் ஆரம்பம் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் இருக்கும் ஃபிரேசியர் மறுவாழ்வு மையத்தில் 1984 முதலே இப்படிச் செய்கிறார்கள். தண்ணீர் வழி தவறுகிறவர்களில் தகுந்தவர்களுக்கு, வாயை நன்றாகச் சுத்தம் செய்த பிறகு, சாப்பாட்டோடு சேராமல், வெறும் தண்ணீர் குடிக்க விடுகிறார்கள். சுத்தமான வாயிலிருந்து போகும் கொஞ்சம் தண்ணீரை நுரையீரல் உறிஞ்சிக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை. பாலும் சர்க்கரையும் கலந்த காபிக்கு அது பொருந்தாது. அதனால்தான் காபிக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன். சோதனை முடிந்து அனுமதித்தால், காபி டிகாக்‌ஷனில் பிரஷை நனைத்து, நன்றாக உதறி, நாக்கில் ஒரு இழு இழுப்பதில் தொடங்கலாம். அந்த ருசிக்கு எச்சில் ஊறும், ஊறிய எச்சிலை விழுங்கத் தோன்றும். விழுங்குவதற்கு அதுவே பயிற்சி.

பின்னால் கெட்டியான உணவு தொடங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். எச்சில் பட்ட கூழ் நீர்த்துப்போகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். எச்சிலில் மாவைக் கரைக்கும் சத்து இருக்கிறது. புரையேறாமலிருக்கக் கெட்டியாகக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி, ஊட்டிய ஸ்பூன் திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் போனால் பாதியில் தண்ணீராகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள்.

எட்டு மாதமாக மூக்குக் குழாய் இருப்பது நீண்ட காலம். வயிற்றில் நேரடியாகக் குழாய் வைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மூக்கும் தொண்டையும் உறுத்தல் இல்லாமல் இருக்கும். ஆனால் அதை வைத்தாலும் எச்சில் இறங்குவது நிற்காது, பல் தேய்ப்பதும் நிற்கக் கூடாது. கஞ்சி கொடுக்கும்போதும் கொடுத்து ஒரு மணி நேரம் வரையிலும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். இரவிலும் ஒரேயடியாகத் தட்டையாகப் படுக்கவைக்காதீர்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உங்கள் வீட்டுக்கு இயன்முறை மருத்துவரோ நர்ஸோ வருகிறார்களா? வந்தால், அடுத்த தடவை அப்பாவின் வாயையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் தேய்ப்பதை அவர்கள் முன்னால் செய்துகாட்டிச் சரியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை நிமோனியா வராது என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. வந்தால் சீக்கிரம் தெரிய வேண்டும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே வரும். மூச்சு நிமிஷத்துக்கு 25க்கு மேல் போவது, வழக்கத்தைவிட அதிகம் தூங்கிக்கொண்டே இருப்பது, திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, தொண்டையில் களகளவென்று சத்தம், விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் 94க்குக் கீழே இறங்குவது — இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், காலையில் பார்க்கலாம் என்று விட வேண்டாம்.

நாளைக் காலை முதல் கஞ்சிக்கு முன்னால் தொடங்குங்கள். இடது கை நன்றாக இருக்கிறது அல்லவா, பிரஷை முதலில் அந்தக் கையில் கொடுங்கள். கையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனால், முன்பற்களையாவது அவரே தேய்க்கக்கூடும். மிச்சத்தை நீங்கள் தேய்த்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து நாக்கு எப்படி இருக்கிறது, ஈறு கசிகிறதா, சோதனைக்கு எந்தத் தேதி கொடுத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.